சர்க்ல மூணு லெவல் சிஸ்டத்தை அளந்து பாத்தோம்: மண்டபத்துல இருந்து ஒரு ரிவ்யூ

கியூட்ரிட் (மூணு லெவல் இருக்குற குவாண்டம் சிஸ்டம்), கியூடிட் (ரெண்டுக்கு மேல எத்தனை லெவல் இருந்தாலும் பொதுப்பேர்) பக்கம் வேலை கத்துக்கணும்னு ஆசைப்படுற பசங்க எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதனால எங்க பசங்களோட உக்காந்து ஓட்டிப் பாத்த சர்க் (Cirq) பத்தி கொஞ்சம் விரிவாவே எழுதிடறேன். கூகுள் 2018ல வெளியிட்ட ஓபன் சோர்ஸ் பைதான் லைப்ரரி, 2022ல 1.0 வெர்ஷன் வந்துச்சு, அப்பாச்சி லைசென்ஸ், ஒரு பைசா கிடையாது. குவாண்டம் சர்க்யூட் எழுதி லேப்டாப்லயே ஓட்டிப் பாக்குறதுக்கு வேற லைப்ரரிகளும் நிறைய இருக்கு, நான் இதை எடுத்ததுக்குக் காரணம் என்னன்னா, ரெண்டு லெவலுக்கு மேல இருக்குற சிஸ்டத்தை இது அடித்தளத்துலயே ஒத்துக்குது, ஒரு கம்பிக்கு (சர்க்யூட் படத்துல ஒரு சிஸ்டத்தைக் குறிக்கிற கோடு) எத்தனை லெவல்னு நீங்க சொன்னா சரின்னு எடுத்துக்கிட்டு அதுக்கு மேல உங்க வேலையைப் பாக்க விட்டுடும்.

தீர்ப்பை முன்னாடியே சொல்லிடறேன். ஒரு மெஷினோட ஃபிடெலிட்டி (சொன்ன வேலையை எவ்வளவு சரியா செய்யுதுங்குற அளவு) 99 பாயிண்ட் இவ்வளவுன்னு யாராவது சொன்னா அந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு, எந்தக் கணக்குல வந்துச்சுன்னு ஒரு மாணவன் தானே உக்காந்து போட்டுப் பாக்க முடியணும். அதுக்கு சர்க் நல்லாவே போதும். ஆனா கடையில வாங்கிட்டு வந்து அப்படியே சாப்பிடுற ஐட்டம் கிடையாது, மாவு மட்டும்தான் கிடைக்கும், தோசை நீங்கதான் சுடணும். அதையும் கீழ சொல்றேன்.

எங்க செட்டப் என்னன்னா, ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், அப்புறம் கீழக்கரையில இருந்து வர்ற கொஞ்சப் பசங்க, எம்.எஸ்சி ஃபிசிக்ஸும் கம்ப்யூட்டர் சயின்ஸும் கலந்து. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையேறி மராமத்து நடக்கும், கடலுக்குப் போற வீட்டுப் பசங்களுக்கு விடியக்காலையில மீன் இறக்குற வேலை இருக்காது, அந்த நேரத்துலதான் தொடர்ச்சியா உக்கார முடிஞ்சுது. 8 ஜிபி ரேம் இருக்குற சாதாரண லேப்டாப், அதுவும் உப்புக்காத்துல கீபோர்டு ரெண்டு எழுத்து அமுங்காத லேப்டாப். லேப்டாப் இல்லாத பசங்க ஃபோன்லயே கோலாப் திறந்து ஓட்டுனாங்க, சின்ன ஸ்க்ரீன்ல மேட்ரிக்ஸ் டைப் பண்றது கஷ்டம்தான், ஆனா வேலை நடந்துச்சு. இன்ஸ்டால் பண்றது ஒரே வரி, அதுல யாருக்கும் சிக்கல் வரல.

கியூட்ரிட்னா புதுசா ஒரு பொருள் இல்லைங்க. சூப்பர்கண்டக்டிங் சிப்புல டிரான்ஸ்மான்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு இயற்கையாவே நிறைய லெவல் உண்டு, 0, 1, 2, 3னு ஏணி மாதிரி மேல போகும், ஒவ்வொரு படிக்கும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமா குறையும். 0க்கும் 1க்கும் நடுவுல ஏறக்குறைய 5 கிகாஹெர்ட்ஸ்னா, 1க்கும் 2க்கும் நடுவுல அதைவிட 200, 300 மெகாஹெர்ட்ஸ் கம்மி. அந்த வித்தியாசம் இருக்குறதாலதான் ஒரு படியை மட்டும் தனியா தட்ட முடியுது. கியூபிட்னு சொல்றவங்க கீழ் ரெண்டு படியை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை ஒதுக்கிடறாங்க, கியூட்ரிட்காரங்க மூணாவதையும் வேலைக்கு எடுக்குறாங்க. அயான்லயும் இதேதான், ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்துக்காரங்க 2022ல கால்சியம் 40 அயான் ஒண்ணுல ஏழு லெவல் வரைக்கும் வெச்சு ஒரு ப்ராசஸர் காட்டுனாங்க. அதே வருஷம் சீனாவுல பீக்கிங் பல்கலைக்கழகத்துல சிலிக்கான் சிப்புல ஒளியை வெச்சும் ஒரு கியூடிட் ப்ராசஸர் வந்துச்சு. ஆக ஹார்டுவேர் ஏற்கனவே வந்தாச்சு. அந்த ஹார்டுவேர் நல்லா வேலை செய்யுதான்னு எப்படி அளக்குறது, அதுலதான் எங்க பசங்க சிக்கிக்கிட்டாங்க, எனக்கும் பிடிச்ச இடம் அதுதான்.

சர்க்ல ஒரு கியூட்ரிட் உருவாக்குறது சுலபம், கம்பியை எழுதும்போது டைமென்ஷன் 3னு கொடுத்தா முடிஞ்சுது. கேட்டை (கம்பி மேல நடத்துற ஒரு செயல்) நீங்களே ஒரு சின்ன கிளாஸா எழுதணும், இது எத்தனை லெவல் கம்பி மேல உக்காரும்னு ஒரு ஃபங்ஷன், அதோட யூனிட்டரி மேட்ரிக்ஸைத் திருப்பிக் கொடுக்குற ஒரு ஃபங்ஷன், அம்புட்டுத்தான். பிரிண்ட் பண்ணா கம்பிக்குப் பக்கத்துலயே டி=3னு எழுதிக் காட்டும், ரெண்டு லெவல் கம்பியையும் மூணு லெவல் கம்பியையும் ஒரே சர்க்யூட்ல கலந்து வெச்சிருந்தா இது ரொம்ப உதவி. தப்பான கம்பி மேல தப்பான சைஸ் கேட்டை வெச்சா அங்கயே நிறுத்தி எரர் சொல்லிடும், ஓட விட்டுட்டு அப்புறம் குப்பை ரிசல்ட் தராது. அளந்தா 0, 1, 2னு நேரா வரும். பாம்பன் பொண்ணு ஒருத்தி முதல் தடவை ஹிஸ்டோகிராம்ல மூணாவது தூண் எழும்புனதைப் பாத்துட்டு ஃபோனைப் பக்கத்துல இருந்தவங்ககிட்டல்லாம் நீட்டி நீட்டிக் காட்டுச்சு.

அடுத்தது கிளிஃபோர்ட் குரூப், அதாவது தனக்குள்ள எதை எதோட பெருக்குனாலும் தனக்குள்ளயே வந்து நிக்குற ஒரு கேட் தொகுப்பு. ரேண்டமைஸ்டு பெஞ்ச்மார்க்கிங் (கேட்டுங்களைக் குலுக்கிப் போட்டு பிழையை அளக்குற முறை, கீழ விரிவா வருது) பண்ணணும்னா இது இல்லாம ஆகாது. ஒரு கியூபிட்டுக்கு 24 கிளிஃபோர்ட் கேட். ஒரு கியூட்ரிட்டுக்கு 216. சர்க்ல கியூபிட் லிஸ்ட் ரெடியா இருக்கு, கியூபிட் பெஞ்ச்மார்க்கிங் ஃபங்ஷனும் ரெடி, கியூட்ரிட்டுக்கு லிஸ்ட் நீங்க தயார் பண்ணணும். சிலருக்கு இது குறையா தெரியும், எனக்கு அந்த வகுப்புலயே நல்ல நாள் அதுதான். ஒமேகான்னா மூணாம் பகுதி சுத்து, 120 டிகிரி. ஃபூரியே மேட்ரிக்ஸ் ஒண்ணு எழுதுனோம், ஒன்பது கட்டமும் ஒமேகாவோட பவர், முன்னாடி ரூட் மூணால வகுத்தது. அப்புறம் மூலைவிட்டத்துல 1, 1, ஒமேகான்னு இன்னொரு கேட். இந்த ரெண்டை மட்டும் கையில வெச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் பெருக்கிக்கிட்டே போகணும், குளோபல் ஃபேஸ் மட்டும் வேற வேறயா இருந்தா அது ரெண்டும் ஒண்ணுதான்னு ஒதுக்கணும், புதுசா வந்தா லிஸ்ட்ல சேக்கணும். லிஸ்ட் வளரும், வளரும், திடீர்னு 216ல நின்னுடும், அதுக்கப்புறம் என்ன பெருக்குனாலும் பழசுதான் திரும்ப வரும். புத்தகத்துல போட்டிருக்குற நம்பர் நம்ம ஸ்க்ரீன்ல தானா வந்து நிக்குறதைப் பாத்த பசங்களுக்கு அப்புறம் அந்த குரூப் என்னன்னு நான் விளக்கவே தேவைப்படல.

சரி, அந்த முறை எப்படி வேலை செய்யுது? கிளிஃபோர்ட் கேட்டை குலுக்கிப் போட்டு வரிசையா ஓட்டணும், கடைசியில மொத்தத்தையும் திருப்புற ஒரே ஒரு கேட் போடணும், கோளாறே இல்லாத மெஷின்னா ஆரம்பிச்ச 0க்கே திரும்பி வரணும். வரிசை நீளமாக நீளமாக திரும்பி வர்ற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும், அந்தக் குறையுற வேகத்துலதான் கேட்டோட பிழை இருக்கு. இதுல இருக்குற சூட்சுமம் எங்க கரைக்காரங்களுக்கு ஈசியா புரியும்: மீனை கிரேட்டோட எடை போட்டா கிரேட் எடையைக் கழிக்கணும், கிரேட் எடை தெரியலன்னாலும் அதே கிரேட்ல மீனைக் கூட்டிக் கூட்டி எடை போட்டா ஏறுற எடை மீனோடது மட்டும்தான். ஆரம்ப நிலையை ரெடி பண்றதுல வர்ற பிழையும் கடைசியில ரீட்அவுட்ல வர்ற பிழையும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஒட்டிக்கிட்டு வரும், வரிசையோட நீளத்தைப் பொறுத்து மாறாது, அதனால கோட்டோட சரிவைப் பாத்தா கேட் பிழை மட்டும் தனியா வந்துடும். கியூட்ரிட்டுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா மூணு லெவலைப் பிரிச்சுப் படிக்கிற ரீட்அவுட் ரெண்டு லெவலைப் படிக்கிறதைவிடக் கஷ்டம், படிச்சு முடிக்கிறதுக்குள்ளயே 2 இறங்கி 1 ஆயிடும்.

எங்க வகுப்புல ஒரு சிக்கல் வந்துச்சு, இதை எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். ஒரு பையன் ஏதோ ஒரு ஆன்லைன் கோர்ஸ், பேர் வேண்டாம், நல்ல காசு கட்டிப் படிச்சவன். அங்க கொடுத்த புரோகிராமை அப்படியே எடுத்துட்டு வந்து கியூட்ரிட் டேட்டாவுக்குப் போட்டான்.

"சார், கோடு பாதிக்குக் கீழ போகுது சார், எங்கயோ நாய்ஸ் தப்பா கொடுத்துட்டேன் போல."

"நாய்ஸ் சரியாத்தான் இருக்கு தம்பி. மூணு லெவல் இருந்தா அது எங்க போய் நிக்கும்?"

கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தான், அப்புறம் அவனே "மூணுல ஒண்ணு"ன்னான்.

அதேதான். முழுசா குழம்பிப்போன கியூபிட் 0ல இருக்க வாய்ப்பு பாதி, முழுசா குழம்பிப்போன கியூட்ரிட்டுக்கு மூணுல ஒரு பங்கு, நாலு லெவல்னா கால். அந்தக் கோர்ஸ் புரோகிராம்ல கோடு போய் உக்காருற இடம் பாதின்னு ஆணி அடிச்சு வெச்சிருந்தாங்க. கியூட்ரிட் டேட்டாவை அதுல போட்டா கோடு பொருந்தாது, பிழை நிஜத்தைவிட அதிகமா காட்டும், நல்ல மெஷினை மோசம்னு சொல்லிட்டுப் போயிடும். காசு வாங்கிக்கிட்டு சொல்லிக்கொடுக்குறவங்க பாதி எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கு அதுல உண்மையிலயே கோவம்தான்.

இன்னொரு இடமும் இதே மாதிரி. சரிவுல இருந்து கிடைக்குற நம்பரை பி-ன்னு வெச்சுக்கோங்க, அதுல இருந்து கேட்டோட சராசரி பிழைக்கு வர்றதுக்கு, 1ல இருந்து பி-யைக் கழிச்சு அதை (டி−1)/டி-யால பெருக்கணும், டி-ன்னா லெவல் எண்ணிக்கை. கியூபிட்டுக்கு அது பாதி, கியூட்ரிட்டுக்கு மூணுல ரெண்டு, நாலு லெவலுக்கு முக்கால். பி 0.99ன்னே வெச்சுக்கிட்டா கியூபிட்டுக்குப் பிழை 0.005, கியூட்ரிட்டுக்கு 0.0067, நாலு லெவலுக்கு 0.0075. மூணும் ஒரே வேகத்துல சரியுற கோடு, சொல்ற நம்பர் மட்டும் வேற. இதோட முடியல. சிலர் சராசரி ஃபிடெலிட்டி சொல்லுவாங்க, சிலர் ப்ராசஸ் ஃபிடெலிட்டி சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணு கிடையாது. பெர்க்லியில 2021ல ஒரு குரூப் அஞ்சு கியூட்ரிட் இருக்குற சூப்பர்கண்டக்டிங் ப்ராசஸர்ல இந்த பெஞ்ச்மார்க்கிங்கை மூணு லெவலுக்கு விரிச்சு செஞ்சு காட்டுனாங்க, ஒரு கியூட்ரிட்டுக்கு ப்ராசஸ் பிழை சராசரியா 0.0038ன்னு சொன்னாங்க. அவங்க தெளிவாவே ப்ராசஸ் பிழைன்னு எழுதியிருந்தாங்க. அதை சராசரி கேட் பிழையா மாத்தணும்னா டி/(டி+1), அதாவது முக்காலால பெருக்கணும், 0.00285 வரும். அதே சிப்பு, அதே டேட்டா, ரெண்டு நம்பர், ரெண்டும் உண்மை. இப்ப யாராவது ஒரு கியூபிட் கம்பெனியோட சராசரி பிழையை எடுத்துட்டு வந்து இந்த 0.0038க்குப் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டா அந்த ஒப்பீடு அங்கயே செத்துப்போச்சு. எங்க பசங்ககிட்ட இப்ப எந்த நம்பரைக் காட்டுனாலும் முதல் கேள்வி "எந்த ஃபிடெலிட்டி சார், டி எத்தனை"ன்னுதான் வருது, இதுக்கு மேல எனக்கு இந்த சாஃப்ட்வேர்கிட்ட என்ன வேணும்.

நாய்ஸ் போடுற விஷயத்துக்கு வருவோம். சர்க்ல கியூபிட்டுக்கு ரெடிமேட் நாய்ஸ் நிறைய, டீபோலரைசிங் எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்துடும். கியூட்ரிட் சிதைவுக்கு நாங்க எங்க கிளாஸை எழுதிக்கிட்டோம், க்ரவுஸ் ஆபரேட்டர் (சிதைவுல நடக்கக்கூடிய ஒவ்வொண்ணுக்கும் ஒரு மேட்ரிக்ஸ்) மூணு: 1 இறங்கி 0 ஆகுறது ஒண்ணு, 2 இறங்கி 1 ஆகுறது ஒண்ணு, எதுவும் நடக்காம இருக்குறது ஒண்ணு. டிரான்ஸ்மான்ல மேல் படி வேகமா இறங்கும், 2ல இருந்து இறங்குற வேகம் 1ல இருந்து இறங்குறதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதனால ஒரு ஸ்டெப்புக்கு 0.01னு ஒண்ணுக்கும் 0.02ன்னு இன்னொண்ணுக்கும் கொடுத்தோம். 50 ஸ்டெப் சும்மா விட்டா 1ல வெச்சது 60 சதவீதம் அங்கயே இருக்கு, 2ல வெச்சது 36 சதவீதம்தான் மிச்சம். அதே சிதைவை ஃபிடெலிட்டியா கணக்குப் போட்டா கியூபிட்டா ஓட்டும்போது ஸ்டெப்புக்கு சராசரி பிழை 0.0033, கியூட்ரிட்டா ஓட்டும்போது 0.0075. ரெண்டு மடங்குக்கும் மேல. அப்புறம் கணக்குல வந்ததும் பெஞ்ச்மார்க்கிங் ஓட்டி வந்ததும் ஒத்துப்போகுதான்னு பாத்தோம், 100 கிளிஃபோர்ட் நீளத்துல திரும்பி வர்ற வாய்ப்பு 0.55 பக்கத்துல வரணும், வந்துச்சு. பேப்பர்ல போட்ட நம்பரும் ஓடி வந்த நம்பரும் ஒண்ணு சேர்றது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா நாம வெச்சிருக்குற அளவுகோல் சரின்னு நம்புறதுக்கு வேற வழியே இல்ல, தெரிஞ்ச பிழையை உள்ள போட்டு அது வெளிய அப்படியே வருதான்னு பாத்தாத்தான் தெரியாத மெஷினை அளக்குற தைரியம் வரும்.

லீக்கேஜ் பத்தியும் ஒண்ணு சொல்லணும். கியூபிட்டா ஓட்டுற மெஷின்லயும் 2ம் படிக்கு ஒழுகுறது உண்டு. ரீட்அவுட் அந்த 2ஐ 1ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டா ஒழுகுனது தெரியவே தெரியாது. சர்க்ல கியூட்ரிட் கம்பியை எடுத்துக்கிட்டு அதுல கியூபிட் கேட் மட்டும் ஓட்டி, கொஞ்சமா 2க்கு ஒழுக விட்டுப் பாத்தோம், கடைசியில ஒரு தடவை மூணையும் பிரிச்சுப் படிச்சும் இன்னொரு தடவை 2ஐயும் 1ஐயும் ஒண்ணாச் சேத்துப் படிச்சும். சேத்துப் படிக்கும்போது கோடு அழகா ஒரு சாதாரண சரிவு மாதிரி ஏமாத்துது, பிரிச்சுப் படிச்சாத்தான் 2ல கூட்டம் சேந்துக்கிட்டே போறது தெரியுது. கியூட்ரிட்ல ஆர்வமே இல்ல, எனக்கு கியூபிட் மட்டும் போதும்னு சொல்றவங்களுக்கும் இந்த ஒரு காரணத்துக்காக மூணு லெவல் கம்பியைப் பழகச் சொல்லுவேன்.

ரேம் விஷயம். கியூட்ரிட் சேக்கச் சேக்க மெமரி மூணு மூணு மடங்கா ஏறும். ஒரு நம்பருக்கு 8 பைட்னு வெச்சா 15 கியூட்ரிட் ஸ்டேட் வெக்டருக்கு 115 எம்பிதான், 18ன்னா 3 ஜிபியைத் தாண்டிடும். நாய்ஸ் வேணும்னு டென்சிட்டி மேட்ரிக்ஸுக்குப் போனா ஒன்பது ஒன்பது மடங்கு, 8 கியூட்ரிட்டுக்கு 344 எம்பி, 9க்கே அதே 3 ஜிபி. எங்க 8 ஜிபி லேப்டாப்ல நாய்ஸோட 7, 8 வரைக்கும் ஓட்டுனோம், அதுக்கு மேல ஃபேன் சத்தம் போட ஆரம்பிச்சுடும். பெஞ்ச்மார்க்கிங் கத்துக்க ஒண்ணு ரெண்டு கியூட்ரிட்டே தாராளம், பெருசா ஓட்டணும்னு யாரும் கவலைப்பட வேண்டாம்.

ரெண்டு கியூட்ரிட்டுக்குப் போனா வேற ஒரு சுவர் வரும், அது சாஃப்ட்வேரோட சுவர் இல்ல, கணக்கோட சுவர். ரெண்டு கியூபிட் கிளிஃபோர்ட் 11,520. ரெண்டு கியூட்ரிட் கிளிஃபோர்ட் 41,99,040. எங்க 216 மாதிரி பெருக்கிப் பெருக்கி லிஸ்ட் போடுறதெல்லாம் இங்க நடக்காது. பெர்க்லிக்காரங்களும் ரெண்டு கியூட்ரிட் கேட்டுக்கு சைக்கிள் பெஞ்ச்மார்க்கிங் பக்கம்தான் போனாங்க, கிளிஃபோர்ட் முழுசையும் ஓட்டாம, அளக்க வேண்டிய கேட் சுத்தி வெய்ல்-ஹைசன்பர்க் ஷிஃப்டையும் (லெவலை ஒரு படி நகத்துற கேட்) ஃபேஸையும் (லெவலுக்கு லெவல் ஒமேகாவால சுத்துற கேட்) குலுக்கிப் போட்டு அந்த ஒரு சுத்தோட பிழையை எடுக்குறது. சர்க்ல இதை எழுத முடியும், ஷிஃப்டும் ஃபேஸும் சின்ன மேட்ரிக்ஸ்தான், எங்க கீழக்கரைப் பையன் ஒருத்தன் எழுதிக்கிட்டு இருக்கான், பாதி வந்திருக்கு.

குவாண்டம் வால்யூம் ஓட்டலாமான்னும் கேட்டாங்க. கியூபிட்ல அது எத்தனை கியூபிட் அகலமோ அத்தனை அடுக்கு ஆழம், சதுரமா ஒரு ரேண்டம் சர்க்யூட், கனமான ரிசல்ட்டுங்க (வர்ற வாய்ப்பு நடுமதிப்புக்கு மேல இருக்குறது) வர்ற வாய்ப்பு மூணுல ரெண்டைத் தாண்டுனா பாஸ். கோளாறில்லாத மெஷின்ல அது 0.85 பக்கம் வரும், முழு நாய்ஸ்ல பாதிக்கு இறங்கிடும். கியூட்ரிட்ல அதே டெஸ்ட்டை எழுதலாம், சர்க் தடுக்காது, ஆனா 5 கியூட்ரிட்ல 243 நிலை, 8 கியூபிட்ல 256 நிலை, ஏறக்குறைய சமம்னு நினைச்சு ரெண்டையும் பக்கத்துல வெச்சா ஒண்ணுக்கு ஆழம் 5, இன்னொண்ணுக்கு ஆழம் 8. இடம் சமமா இருந்தாலும் ஓடுற தூரம் சமமில்ல. அதனால நான் வகுப்புல இதை ஓட்டிக் காட்டுனேனே தவிர, கியூட்ரிட்டையும் கியூபிட்டையும் ஒப்பிட இந்த நம்பரை எடுக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்.

எனக்கு இந்த சீசன்ல ரொம்பப் பிடிச்ச அளவுகோல் வேற ஒண்ணு. 2025ல யேல்ல ஒரு குரூப் மூணு லெவல், நாலு லெவல் தகவலை ஒரு மைக்ரோவேவ் கேவிட்டிக்குள்ள வெச்சு பிழை திருத்தம் பண்ணாங்க, திருத்தத்தோட அந்தத் தகவல் எவ்வளவு காலம் தாங்குது, திருத்தம் இல்லாம அதே சிஸ்டத்துல கிடைக்குற நல்ல கியூடிட் எவ்வளவு காலம் தாங்குதுன்னு ரெண்டையும் வகுத்து மூணு லெவலுக்கு 1.82, நாலு லெவலுக்கு 1.87னு சொன்னாங்க. ஒரே டப்பாவுக்குள்ள, ஒரே டைமென்ஷனுக்குள்ள ஒப்பீடு, அதனால எந்த ஃபிடெலிட்டி எந்த டி-ன்னு சண்டையே வராது. இதை சர்க்ல செய்ய முடியாது, அதுக்கு க்யூடிப் மாதிரி தொடர்ச்சியான நேரத்துல ஓடுற லைப்ரரி வேணும், அதுவும் இலவசம்தான், பல்ஸ் வடிவம், சிதைவு வேகம் எல்லாம் கொடுத்து ஓட்டணும்னா அங்க போங்க. மியூனிக்ல கியூடிட்டுக்குன்னே தனியா ஒரு டூல்கிட்டும் இருக்கு, எம்க்யூடி கியூடிட்ஸ்னு, அதைப் பத்தி ஓட்டிப் பாத்துட்டு தனியா எழுதறேன்.

நிஜ மெஷின்ல ஓட்டலாமான்னா, கூகுளோட ப்ராசஸர் அனுமதி வாங்குனவங்களுக்கு மட்டும்தான், நம்ம ஊர்ல இருந்து பசங்க தட்டுறதெல்லாம் சிமுலேட்டர்தான். இது முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு வாங்க. நம்ம நாட்டுல 2023ல தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6,003.65 கோடி ஒதுக்கியாச்சு, மும்பை டாட்டா இன்ஸ்டிட்யூட்ல ட்ரைமான்னு ஒரே சர்க்யூட்டுக்குள்ள மூணு கியூபிட் வர்ற மாதிரி சிப்பே பண்ணியிருக்காங்க, மெட்ராஸ் ஐஐடியில குவாண்டம் கம்யூனிகேஷனுக்கு மையம் வந்திருக்கு, ஆக அளக்கத் தெரிஞ்ச கைகளுக்கு வேலை இருக்கும். மண்டபத்துல உக்காந்து 216 கேட்டை லிஸ்ட் போட்ட பையன் அங்க போய் ஒரு லேப்ல நிஜ டேட்டா முன்னாடி உக்காந்தா பதறமாட்டான்னு நான் நம்புறேன்.

குறைன்னு சொல்லணும்னா டாக்குமெண்டேஷன். கியூடிட் பத்தி ஒரு பக்கம் இருக்கு, தெளிவான பக்கம், மூணு லெவல் கம்பியை ஒரு படி ஏத்துற ஒரு கேட்டை வெச்சு அழகா சொல்லித் தருது, ஆனா சின்னது. நாய்ஸ் எப்படி எழுதுறது, பெஞ்ச்மார்க்கிங் எப்படி ஓட்டுறதுன்னு கியூட்ரிட்டுக்குத் தேடுனா நீங்க பேப்பர் படிச்சுத்தான் ஆகணும், லீனியர் ஆல்ஜிப்ரா தெரியாதவங்க இதுல முதல்ல இறங்காதீங்க, மேட்ரிக்ஸ் பெருக்கல், டிரேஸ், ஐகன்வேல்யூ மூணும் கைக்கு வந்தப்புறம் வாங்க. தமிழ்ல ஒண்ணுமே இல்ல, எங்க நோட்ஸை டைப் பண்ணிக்கிட்டு இருக்கோம்.

கடைசியா நாலு லெவலுக்குப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2, 3, 5, 7 எல்லாம் பகா எண், அதுங்களுக்கு மேல சொன்ன ஷிஃப்ட், ஃபேஸ் வெச்சு கட்டுற கிளிஃபோர்ட் குரூப் பெஞ்ச்மார்க்கிங்குக்குத் தேவையான அளவுக்கு நல்லா கலக்கும். 4 பகா எண் இல்ல, அங்க அதே ரெசிப்பியை வெச்சு கட்டுனா கலக்கல் பத்தாது, ஒரே சரிவுக்கு பதிலா பல சரிவு கலந்து வரும், ஃபிட் பண்ணா வர்ற நம்பருக்கு அர்த்தம் இருக்காது. அந்த நாலு லெவலை ரெண்டு கியூபிட்டா பாத்து 11,520 கேட் குரூப்பை எடுத்துக்கலாம், இல்லன்னா சர்க்லயே ரேண்டம் யூனிட்டரி கொடுக்குற ஃபங்ஷன் ஒண்ணு இருக்கு, டெஸ்டிங் பிரிவுல, அதுல 4ன்னு கொடுத்து வர்ற மேட்ரிக்ஸையே வரிசையா ஓட்டி, கடைசியில மொத்தத்தையும் திருப்பிப் போட்டு அளந்துக்கலாம். சிமுலேட்டர்ல இதுக்கு செலவே இல்ல. நிஜ மெஷின்ல அப்படி ஒவ்வொரு மேட்ரிக்ஸையும் பல்ஸா உடைக்கணும், எத்தனை பல்ஸ் ஆச்சுன்னும் கூடவே எழுதி வெச்சுக்கோங்க, அது இல்லாம அந்த நம்பரை அடுத்த லேப்ல கொண்டுபோய்க் காட்ட முடியாது.